அறுபத்தொரு நாள், அறுபத்து நான்கு படங்கள்

தெருவில் எல்லோரும் அவரைச் சேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக இருபத்தாறு வருடமாகச் சேதத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பவரை வேறு என்னவென்று சொல்வது? நசுங்கிய கார்க் கதவு, தண்ணீர் இறங்கி உப்பிப்போன சுவர், பாதி எரிந்த கிடங்கு, எதுவானாலும் அவர் போய் நிற்பார். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல், தேதி எழுதிய அட்டை. "படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்பதுதான் எந்த வாசலிலும் அவர் முதலில் சொல்வது. வணக்கம் கூட அதற்குப் பிறகுதான்.

படத்தில் இருப்பதை மட்டுமே அறிக்கையில் எழுதுவார். தீ அடுப்பிலிருந்து வந்ததா, மின்கம்பியிலிருந்து வந்ததா என்று படம் சொல்லவில்லையென்றால் 'அறிய இயலவில்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். கிடங்குச் சொந்தக்காரர் ஒருவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியபோதும் அதைத்தான் எழுதினார். அந்த இரண்டு சொற்களால் அவருக்கு வாய்த்த எதிரிகள் கொஞ்ச நஞ்சம் இல்லை.

தொற்று வந்து ஊரை அடைத்தபோது நிறுவனம் ஒரு வரி அனுப்பியது. இனி வாடிக்கையாளர்களே தங்கள் சேதத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்புவார்கள், நீங்கள் வீட்டில் இருங்கள் என்று. இருங்கள் என்றால் வேலை இருக்கிறதா, இல்லையா? அவருக்கு விளங்கவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு எழுந்து குளித்து, ஷூ மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஷூவோட எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"எங்கேயும் இல்ல."

"அப்ப கழட்டுங்க. நேத்துதான் தரை துடைச்சேன்."

அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. சலவைக்கடையில் பதினெட்டு வருடம். வருகிற துணியை விரித்துப் பார்த்து, கறையையும் கிழிசலையும் குறித்து, சீட்டுக் குத்துகிற வேலை. கடையும் பூட்டியாகிவிட்டது. முதல் வாரத்திலேயே வீட்டில் இருந்த எல்லாத் துணிகளையும் இஸ்திரி போட்டு முடித்துவிட்டாள். இரண்டாவது வாரம் அதையெல்லாம் உதறிவிட்டு மறுபடியும் போட்டாள். கால் துடைக்கிற துணிக்குக் கூட மடிப்பு விழுந்திருந்தது. அதில் கால் வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கைக்கு வேலை வேண்டுமே. அலுவலகக் கேமரா அலுவலக அலமாரிக்குள் மாட்டிக்கொண்டது. ஷூவைக் கழற்றிய அன்றே பரணிலிருந்து தன் பழைய கேமராவை இறக்கியிருந்தார். தினம் காலை ஏழு மணிக்கு ஒரு படம், ஒரே இடத்திலிருந்து, இந்த அடைப்பு முடிகிறவரை. சமையலறை ஜன்னல் திட்டுதான் இடம். திட்டில் அவருடைய டம்ளர், மனைவியின் மூக்குக் கண்ணாடி. ஜன்னலுக்கு வெளியே, ஒடுங்கிய தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி பால்கனி. அவ்வளவுதான்.

வழக்கப்படி தேதி அட்டையையும் வைக்கப்போனார். மனைவி விடவில்லை.

"வீட்டுக்குள்ள நம்பர் அட்டை வெச்சீங்க, கேமராவத் தண்ணி வாளியில போட்டுருவேன். நம்ம வீடு என்ன ஆக்சிடெண்ட்டா?"

நியாயம்தான் என்று விட்டுவிட்டார். கேமராவே தேதி போடும் என்று நினைத்தார். ஆனால் தேதியை நினைவில் வைக்க அதன் உள்ளே இருந்த பொட்டளவு பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. பெரிய பேட்டரியும் பழசு, ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும்; கழற்றினால் தேதியும் மணியும் ஏதோ ஒரு பழைய வருடத்தின் முதல் நாளுக்குப் போய் நின்றன. ஒரு வாரம் திருத்திப் பார்த்தார், பிறகு அலுத்துவிட்டது. எல்லாப் படத்துக்கும் அநேகமாக ஒரே தேதி. வரிசை எண் மட்டும்தான் நம்பகமானது.

போதாததற்குத் தொழில் புத்தி. படம் எடுக்கும்வரை திட்டில் எதையும் நகர்த்தக்கூடாது, நகர்த்தினால் மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். டம்ளருக்கும் கண்ணாடிக்கும் திட்டில் பென்சிலால் கோடு கூடக் கிழித்திருந்தார். நாளும் நாளும் மாறுவதைப் படம் பிடிக்கக் கிளம்பிய மனிதர், எந்த நாளும் எந்த நாளிலிருந்தும் மாறாதபடி பார்த்துக்கொண்டார். அது தப்பு என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

எதிர் பால்கனியில் ஒரு வயதானவர் தனியாக இருந்தார். தினம் காலையில் ஒரே ஒரு சட்டையைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் காயப்போடுவார். சாயங்காலம் எடுத்துவிடுவார். மறுநாள் வேறு சட்டை. மனைவி அவருக்குச் சட்டைக்காரர் என்று பெயர் வைத்தாள். "ஒத்தச் சட்டைக்கு அஞ்சு கிளிப்பு போடுறாரு பாருங்க. ஆளு கெட்டி" என்பாள். பேச்சு வார்த்தை ஒன்றும் இல்லை. கேமராவைக் கண்டால் அவர் கை தூக்குவார், இவரும் தூக்குவார். பல படங்களில் அவர் ஓரமாக விழுந்திருந்தார், பாதித் தோளும் ஒரு கையுமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேமராவோடு ஜன்னலுக்குப் போனபோது அந்தக் கட்டடத்து வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் சட்டைக்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சேதக்காரர் படம் எடுத்தார். கை தானாக அழுத்திவிட்டது. எடுத்த பிறகு வெட்கமாக இருந்தது. கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, சட்டைக்காரர் இறந்துவிட்டார் என்று அந்தக் கட்டடத்துக் காவலாளி கீழேயிருந்து கத்திச் சொன்னார். கொடியில் சாம்பல் நிறச் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஃபோன் வந்தது. தெரியாத எண், வெளிநாடு.

"சார், நான் எதிர் வீட்டுக்காரரோட பொண்ணு. வாட்ச்மேன்தான் நம்பர் குடுத்தாரு. நீங்க தினம் ஜன்னல்லேருந்து படம் எடுப்பீங்களாமே. எங்கப்பா அதுல இருக்காராமே?"

"இருக்காரும்மா. ஓரமா." குரல் இறங்கிவிட்டது. "நான் அவர எடுக்கல. ஜன்னலத்தான் எடுத்தேன்."

"தப்பாச் சொல்லல சார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்."

அவள் சொன்னது இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அவளை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். அலுவலக மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. வெள்ளி மத்தியானம் இவள் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. தூங்குவார் என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை ஃபோன் அணைந்து கிடந்தது. ஞாயிறு காலை கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகவே கதவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். குளியலறையில் விழுந்து கிடந்தார். எத்தனை நாளாகக் கிடந்தார் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் இருக்கலாம், மூன்று நாளும் இருக்கலாம்.

"அவரு வெள்ளிக்கிழமை காலைல பால்கனிக்கு வந்திருந்தா, அந்த மூணு ஃபோன் காலும் சும்மா பேசக் கூப்பிட்டதுதான். வரலைன்னா... விமானமும் இல்ல சார். வரவும் முடியல. பாத்துச் சொல்றீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றார். வைத்த பிறகுதான் பார்ப்பதற்குத் தேதியே கிடையாது என்பது உறைத்தது.

கணினியில் படங்களைப் போட்டு எண்ணினார். அறுபத்து நான்கு. அடைப்பு தொடங்கிய மறுநாளிலிருந்து ஆம்புலன்ஸ் வந்த ஞாயிறு வரை நாட்களை எண்ணினார். அறுபத்தொன்று. மறுபடி எண்ணினார். விரல் விட்டு எண்ணினார்.

"நாளை விடப் படம் எப்படிங்க அதிகமாகும்?" என்றாள் மனைவி.

"அதான் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. காலைல சாப்பிட்டுட்டு நாற்காலியிலேயே குறட்டை விடுவீங்க. பத்து மணிக்கு முழிச்சு, அய்யய்யோ ஏழாச்சுன்னு கேமராவத் தூக்கிட்டு ஓடுவீங்க. ரெண்டு தடவை நானே பாத்திருக்கேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மட்டும்? 'ஷூ எங்க'ன்னு கேப்பீங்க."

ஆக, சில நாட்களுக்கு இரண்டு படம். வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அந்தத் தெருவில் வெயில் நேராக விழுவதே இல்லை. காலை ஏழும் பத்தும் ஒரே மங்கலில் இருந்தன. மழையும் அந்த இரண்டு மாதத்தில் ஒரு துளி இல்லை.

கடைசி நான்கு படங்களைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார். அறுபத்தொன்றாவதில் சட்டைக்காரர் இருக்கிறார், குதிகாலைத் தூக்கிக்கொண்டு சாம்பல் சட்டைக்குக் கிளிப் போடுகிறார். அறுபத்திரண்டில் அதே சட்டை தொங்குகிறது, ஆள் இல்லை. அறுபத்து மூன்றிலும் அப்படியே. அறுபத்து நான்கு ஆம்புலன்ஸ், ஞாயிறு. ஒரு நாளைக்கு ஒரு படம் என்று பின்னோக்கி எண்ணினால் சனி, வெள்ளி, வியாழன். அவர் கடைசியாக வெளியே வந்தது வியாழக்கிழமை காலை. அன்று சாயங்காலம்தான் மூன்று அழைப்புகள்.

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். டம்ளரைப் பென்சில் கோட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தார்.

மனைவி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இதப் பெருசாக்குங்க. இன்னும். இந்தச் சட்டையோட கீழ்ப் பக்கம்."

அறுபத்திரண்டாவது படம். பெரிதாக்கினார்.

"தோள்பட்டை வெளுத்திருக்கா? கீழ் மடிப்பு மட்டும் கறுப்பா இருக்கா? அது கறுப்பில்ல, ஈரம். துணி மேலேருந்துதான் காயும், ஈரம் கீழ இறங்கி நிக்கும். தொங்கவிட்டு மூணு மணி நேரம் ஆன துணிங்க இது. மறுநாள் வரைக்கும் ஈரமா இருக்க இது என்ன கம்பளியா?"

"அப்படின்னா?"

"அப்படின்னா இவரு கிளிப்பு போடுற படமும் இதுவும் ஒரே நாள். நீங்க குறட்டை விட்டு எந்திரிச்சு எடுத்தது. அடுத்ததுல பாருங்க, சட்டை முழுக்க வெளுத்து, கை காத்துல மடங்கிக் கிடக்கு. அது மறுநாள். அதாவது சனி. அப்ப இது வெள்ளி!"

சேதக்காரர் வாய் திறந்தபடி அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் சேதத்தைப் படம் பிடித்தவருக்கு ஈரத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

ஆனாலும் சரிபார்க்க வேண்டுமே. முதல் படத்திலிருந்து இருவரும் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு படத்தில் ஒரே சட்டை தொங்கினால் அது ஒரே நாள். இருபத்து மூன்றும் இருபத்து நான்கும், நீலக் கட்டம் போட்ட சட்டை. நாற்பதும் நாற்பத்தொன்றும், பழுப்பு. கடைசியில் சாம்பல். மொத்தம் மூன்று இரட்டை. அறுபத்து நான்கில் மூன்று போனால் அறுபத்தொன்று. அறுபத்தொரு நாளுக்கு அறுபத்தொன்று. ஒரு நாள் கூட விட்டுப்போகவில்லை. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஃபோனப் போடுங்க" என்றாள் மனைவி.

அவர் ஃபோனைக் கையில் எடுத்தார். அவள் எதற்கோ ஐம்பத்திரண்டாவது படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் ஐயோ என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"இந்த வெள்ளைச் சட்டை. இதுவும் அடுத்த படத்து வெள்ளையும் வேற வேறன்னு நெனச்சோம்ல. ரெண்டுலயும் மேலேருந்து ரெண்டாவது பட்டன் இல்ல." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் சீட்டுக் குத்துறப்ப மொதல்ல பாக்குறதே பட்டனத்தான். இப்பப் போய் பாத்தேன் பாருங்க, என் கண்ண!"

நான்கு இரட்டை. அப்படியானால் படம் எடுத்த நாட்கள் அறுபதுதான். ஏதோ ஒரு நாள் அவர் படமே எடுக்கவில்லை. அந்த விட்டுப்போன நாள் முன்னால் எங்காவது இருந்தால் பிழையில்லை, கிளிப் போட்டது வெள்ளிதான். கடைசி மூன்று நாளுக்குள் இருந்தால் எல்லாம் ஒரு நாள் பின்னால் தள்ளிப்போய் மறுபடி வியாழக்கிழமையில் வந்து நிற்கும்.

எடுக்காத நாள் எது என்பது இருவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் இருமிய நாள். காலையில் நான்கு இருமல், கொஞ்சம் சூடு. யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் வண்டி வந்து அழைத்துப் போய்விடும் என்ற பயம். கூடத்தின் இந்த மூலையில் அவளும் அந்த மூலையில் அவருமாகச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஒன்றுமில்லை என்று ஆயிற்று. ஆனால் அது எப்போது?

"ஆரம்பத்துலங்க. மொத மாசம்."

"இல்லம்மா, சமீபத்துலதான். ஆம்புலன்சுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"எனக்கு வந்த இருமல் எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு நீ பச்சைப் போர்வை போத்தியிருந்தே."

"பச்சைப் போர்வைய மொத வாரத்துலயே இஸ்திரி போட்டு மேல வெச்சாச்சு. அது என் சால்வை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். அவள் இருமுவது தெரிந்தது, கூடத்தின் மூலை தெரிந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்பது தெரியவில்லை. எல்லா நாளும் ஒரே டம்ளர், ஒரே கண்ணாடி. எடுத்த படத்திலாவது ஈரம் இருக்கும், பட்டன் இருக்கும். எடுக்காத படத்தில் எதைப் பெரிதாக்கிப் பார்ப்பது?

அப்போது ஃபோன் அடித்தது. அந்தப் பெண்ணே கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"பாத்தீங்களா சார்?"

ஈரத்தைப் பற்றிச் சொன்னார். நான்கு இரட்டைகளைப் பற்றியும் விட்டுப்போன ஒரு நாளைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் அந்த இரண்டு சொற்களும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன.

மனைவி ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் இருமின அன்னிக்கு உங்கப்பா பால்கனில நின்னாரும்மா. எங்க ஜன்னல்ல கேமரா இல்லைன்னதும் என்ன ஆச்சுன்னு கைய விரிச்சுக் கேட்டாரு. நான்தான் தொண்டையத் தொட்டுக் காட்டினேன். சரியாப் போயிரும்ங்கற மாதிரி தலைய ஆட்டினாரு. அப்ப அது அவரு விழுறதுக்கு முன்னாடி, நல்லா இருந்த நாள்தானே?"

சேதக்காரர் அவளைப் பார்த்தார். இதை அவள் இதற்கு முன் சொன்னதே இல்லை. அன்று முழுவதும் கூடத்தின் மூலையில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்? சமையலறைக்கு எப்போது போனாள்? போயிருக்கலாம், தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிற முகம். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எப்படிப் பார்த்தாலும் தெரியவில்லை.

"சார், அப்ப வெள்ளிக்கிழமையா?"

"என்னால எழுதித் தர முடியாதும்மா. ஆனா வெள்ளிக்கிழமைன்னுதான் நான் நம்புறேன்."

அந்தச் சொல்லை அவர் எந்த அறிக்கையிலும் பயன்படுத்தியது கிடையாது.

"எழுதித் தர வேணாம் சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமைம்மா. குதிகாலத் தூக்கிட்டு நின்னு கிளிப்பு போட்டாரு. ஒடம்பு சரியில்லாத மனுஷன் அப்படி நிக்க மாட்டாரு."

"அஞ்சு கிளிப்பா?"

"அஞ்சு."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எதையும் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் கையை விடமாட்டார் என்றாள். எல்லாப் படத்தையும் அனுப்பச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அந்தச் சட்டை இன்னும் இருக்கா சார்?"

"இருக்கு."

"இன்னைக்கு ஒண்ணு எடுத்து அனுப்புங்க. நான் வர்ற வரைக்கும் தினம் ஒண்ணு. தேதி போட்டு."

ஃபோனை வைத்துவிட்டு அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே கைய விரிச்சுக் கேட்டாரா?"

"பனியிலயும் தூசியிலயும் அப்படியே கெடந்தா துணி மக்கிப்போயிரும்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "வாட்ச்மேன்கிட்டச் சொல்லி உள்ள எடுத்துப் போடச் சொல்லணும். பொண்ணுகிட்டக் கேட்டுக்கணும் மொதல்ல."

அவர் மறுபடி கேட்கவில்லை. பரணிலிருந்து கேமராவை இறக்கினார். மேசை இழுப்பறையிலிருந்து அட்டை ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. பேனாவைத் திறந்தவர் நின்றார். கைபேசியில் தேதி பார்த்தார். அது போதவில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?"

அவள் சொன்னாள்.

ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டடத்துக் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு என்ன தேதிங்க?"

காவலாளி முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஒரு தேதியைக் கத்தினார். "எதுக்கு சார்?"

"ஒண்ணுமில்ல. சரிபாக்கத்தான்."

மூன்றும் ஒரே தேதியைத்தான் சொல்லின. அதுவே அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் எழுதினார், கொட்டை எழுத்தில். டம்ளரை நகர்த்திவிட்டு, பென்சில் கோட்டின் மேலேயே அட்டையைச் சாய்த்து வைத்தார். அதற்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம், சாம்பல் சட்டையின் ஒரு கை கொடிமேல் மடங்கிக் கிடந்தது. ஐந்து கிளிப்பும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு அழுத்தினார்.